வேன் காசு

என் சகலையை எனக்குப் பிடிக்காது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை. அவர் குடிக்க மாட்டார், யாரிடமும் கைநீட்ட மாட்டார், சத்தம் போட்டுப் பேசியும் நான் கேட்டதில்லை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். யட்டவத்தவில் மிளகும் கராம்பும் வாங்குகிற ஒரு கடையில் தராசுக்கு நின்றவர். நானோ மாத்தளை டவுனில் சொந்தமாக ஃபோன் கடை வைத்திருப்பவன். அவருடைய இரண்டு மாதச் சம்பளத்தை நல்ல மாதம் ஒன்றில் நான் பார்த்துவிடுவேன். அப்படியிருந்தும் அவர் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே எனக்கு உள்ளே ஏதோ சுருங்கும்.

ஒல்லியான ஆள். பக்கத்தில் உட்கார்ந்தால் சட்டையிலிருந்து மிளகு வாசம் வரும். சின்னப் பிள்ளைகள் அவர் மடியில் ஏறியதும் தும்முவார்கள். எதையும் சொல்வதற்கு முன் கொஞ்ச நேரம் தரையைப் பார்ப்பார். அடுத்தவருக்கு நாளைக்கு என்ன தேவைப்படும் என்பதை இன்றைக்கே யோசித்து வைத்துவிடுவார். அந்த ஒரு குணத்தை வைத்தே எங்கள் குடும்பம் முழுவதையும் அவர் பிடித்துக்கொண்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

மாமியாருக்கு ஒப்பரேஷன் செய்து ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தபோது நான் பெரிய கூடை நிறையப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். ஆப்பிள், திராட்சை, தோடம்பழம். கூடையைத் தூக்கிக்கொண்டு வார்டு வழியாக நடக்கும்போது எல்லோரும் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. மாமியாருக்கு மூன்று நாளைக்கு எதுவும் சாப்பிடக் கொடுக்கக்கூடாது என்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது. சகலை எனக்கு முன்னாலேயே வந்துவிட்டுப் போயிருந்தார். நீளமான வயர் உள்ள ஒரு சார்ஜர், தண்ணீர் படாமல் நடக்க ரப்பர் செருப்பு, கட்டில் கம்பியில் கட்டிவிட்ட ஒரு பழைய சேலைத் துண்டு. வயிற்றில் தையல் போட்டவர்கள் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு எழும்பினால் வலிக்காதாம். பக்கத்துக் கட்டில்காரியும் தன் மகனிடம் அப்படியொன்று கட்டித்தரச் சொல்லிக்கொண்டிருந்தாள். பழம் ரொம்ப நல்ல பழம் என்றும், வார்டில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டதாகவும் மாமியார் என்னிடம் சொன்னார்.

இன்னொரு முறை பல்லேகமவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். லக்கலப் பக்கம் பஸ் குறைவு. இரண்டரைக்குக் கிளம்பினால்தான் பஸ் பிடிக்கலாம், பொழுது சாய்ந்தால் ரோட்டில் யானை நிற்கும் என்று சகலை இரண்டு தடவை சொன்னார். அவர் சொன்னதனாலேயே நான் இன்னொரு டீ கேட்டேன். மாப்பிள்ளையின் மாமாவோடு ஃபோன் விலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பஸ் போய்விட்டது. என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான்கு மணிக்கு நெல் மூட்டை ஏற்றிய லொறி ஒன்று கல்யாண வீட்டு வாசலில் வந்து நின்றது. சகலை காலையிலேயே அந்த டிரைவரிடம் பேசி வைத்திருந்தாராம்.

"ஒரு வேள பஸ்ஸ விட்டுட்டோம்னா என்ன செய்றதுன்னு சொல்லி வச்சேன் அண்ணே," என்றார்.

விட்டுட்டோம் என்றுதான் சொன்னார். யாரால் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பெண்களும் பிள்ளைகளும் முன்னால் சிரித்துக்கொண்டு வந்தார்கள். நான் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, அந்த லொறி வராமலிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

கொழும்புப் பக்கம் இருக்கிற அந்தப் பெரிய தண்ணீர்ப் பூங்காவைப் பற்றி என் பிள்ளைகளுக்கு முதலில் சொன்னவன் நான்தான். கடையில் வைத்து ஃபோனில் வீடியோ காட்டினேன். அலையடிக்கிற குளம், வளைந்து வளைந்து இறங்குகிற சறுக்கு, ராட்டினங்கள், சின்னக் கார் ஓட்டுகிற இடம் எல்லாம் அதில் வந்தன. மூன்று தடவை கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னேன். ஒரு தடவை கடைக்குச் சாமான் வந்துவிட்டது. ஒரு தடவை பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம். மூன்றாம் தடவை ஏன் போகவில்லை என்று எனக்கே ஞாபகமில்லை. அதற்குப் பிறகு மகளும் மகனும் அதைப் பற்றி என்னிடம் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

சகலையிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து, ரெண்டு குடும்பமும் சேர்ந்து டிசம்பர் லீவுக்குப் போவோமா என்று என்னிடம் அனுமதி கேட்பதுபோலக் கேட்டார். அப்போது ஏப்ரல் மாதம். எட்டு மாதம் இருக்கிறதே என்று நான் சிரித்தேன். எட்டு மாதம் இருந்தால்தான் சரியாக வரும் என்றார்.

அதன்பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் யட்டவத்தவுக்குப் போனோம். அவருடைய வீட்டு முன்னறையில் பாய் விரித்து, நடுவில் ஒரு பெரிய சி.ஆர். கொப்பியை வைத்துக்கொண்டு உட்காருவார். சுற்றிலும் நாலு பிள்ளைகள். என் மகளுக்குப் பன்னிரண்டு, மகனுக்கு ஒன்பது. அவருடைய மகளுக்குப் பதினொன்று, மகனுக்கு ஏழு. பெரியவர்களாகிய நாங்கள் கதிரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். எனக்கு அந்தக் கதிரை முள்ளாக இருக்கும்.

செலவை அவர் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. டிக்கெட்டுக்கு இவ்வளவு, வேனுக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று எழுதிக் காட்டினார். ஒரு இரவு ஹோட்டலில் தங்கினால் இவ்வளவு கூடும், அப்படியென்றால் உள்ளே காசு கொடுத்து விளையாடுகிற மூன்று விளையாட்டுகளை விடவேண்டி வரும், எது வேண்டும் என்று கேட்டார். நாலு பேரும் மூலையில் போய்க் குசுகுசுவென்று பேசிவிட்டு வந்து ஹோட்டல் வேண்டாம் என்றார்கள். என் மகன் ஒரு விஷயத்தைப் பற்றி அவ்வளவு நேரம் யோசித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சகலை பூங்காவுக்கு ஃபோன் செய்து வெளிச்சாப்பாடு கொண்டுபோகலாமா என்று கேட்டார். உள்ளே விடமாட்டார்கள், வாகனம் நிறுத்துகிற இடத்தில் வைத்துச் சாப்பிடலாம் என்றார்கள். குறிப்பிட்ட உயரம் இல்லாத பிள்ளைகளைச் சில விளையாட்டுகளில் ஏற்றமாட்டார்கள் என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டார். தன் மகனைக் கதவு நிலையோடு நிறுத்தி அளந்து, இந்த இரண்டில் நீ ஏற முடியாது என்று அன்றைக்கே சொன்னார். அவன் அழுதான். அங்கே போய்ப் பத்துப் பேருக்கு முன்னால் அழுவதைவிட இங்கேயே அழுது முடித்துவிடட்டும் என்றார். அவருடைய வீட்டுப் பின்னால் நாலு மிளகுக்கொடி இருந்தது. அந்த வருடத்து மிளகு விற்ற காசு அப்படியே பயணத்துக்குப் போனது.

ஒரு நாள் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, அங்கே என்ன செய்யாவிட்டால் உனக்கு வீட்டுக்குத் திரும்பி வர மனம் வராது என்று கேட்டார். என் மகன் அலைக்குளம் என்றான். மகள் அவர் காதில் ஏதோ சொன்னாள். நான் பிறகு கொப்பியை எட்டிப் பார்த்தேன். அவள் பெயருக்கு நேரே, உயரம் பயம், சறுக்குக்குக் கட்டாயப்படுத்தக்கூடாது, மெதுவாக மிதக்கிற படகுக்கு நானே கூடப் போவது என்று பென்சிலால் எழுதியிருந்தார்.

பன்னிரண்டு வருடமாக அவளுக்கு நான் அப்பா. உயரம் என்றால் அவளுக்குப் பயம் என்று எனக்குத் தெரியாது. கடையில் சறுக்கு வீடியோவை நான் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியபோது அவள் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. என்னிடம் சொல்லாததை இந்த மனிதரிடம் சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்கே, எல்லோரும் கேட்கும்படி, வேன் செலவு முழுவதும் என் பொறுப்பு என்றேன். ஏசி வேனாகவே எடுப்போம் என்றேன்.

சகலை தரையைப் பார்த்தார். "அது கொஞ்சம் கூட வரும் அண்ணே. பரவாயில்லையா?"

"பரவாயில்ல. நீங்க எழுதுங்க."

எழுதினார். என் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த ஒரு சிரிப்புக்காக நான் இன்னும் இரண்டு வேன் எடுத்திருப்பேன்.

லீவு தொடங்கி முதல் செவ்வாய்க்கிழமை, கூட்டம் குறைவான நாள் பார்த்துப் போனோம். டிரைவருக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. மீதிப் பதினெட்டாயிரம் என் சட்டைப் பையில் இருந்தது. எல்லாம் சகலை எழுதிய மாதிரியே நடந்தது. ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு சின்னக் கவர் கொடுத்து, உள்ளே இருக்கிறது உங்கள் காசு, யாரையும் கேட்காமல் செலவழிக்கலாம் என்றார். பிள்ளைகள் அந்தக் கவரைத் திறந்து திறந்து பார்த்தார்கள். எந்தப் பிள்ளையும் எந்த இடத்திலும் அது வேண்டும் இது வேண்டும் என்று சிணுங்கவில்லை. பக்கத்துக் குடும்பங்களில் அழுகையும் அதட்டலுமாக இருந்தது. என் மகளும் சகலையும் படகில் மிதந்து போனார்கள். அவள் கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே போனாள். நான் கரையில் எல்லோருடைய துவாய்களையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் வேனுக்குப் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தபோது என்னால் தாங்க முடியவில்லை. என் இரண்டு பிள்ளைகளையும் எழுப்பி, வாங்க, உள்ளே போய் நல்லதாக ஏதாவது சாப்பிடலாம் என்றேன். மகன் துள்ளிக்கொண்டு வந்தான். மகள் பார்சலைப் பார்த்தாள், பிறகு வந்தாள். சகலையின் சின்னவன் எழும்பப் பார்த்தான். அவனுடைய அக்கா அவன் கையைப் பிடித்து உட்காரவைத்து, நமக்கு முட்டை இருக்கு என்று சொன்னது எனக்குக் கேட்டது.

பீட்சா வாங்கினேன். ஐஸ்கிரீம் வாங்கினேன். படம் பிடித்துச் சட்டம் போட்டுத் தருகிறவனிடம் மூன்று படம் எடுத்தேன். பிறகு சின்னக் கார் ஓட்டுகிற இடத்துக்குப் போனோம். அது எங்கள் திட்டத்தில் இல்லை, விலை கூட என்று பிள்ளைகளே வேண்டாம் என்று விட்டது. அதற்குள் மற்றவர்களும் சாப்பிட்டுவிட்டு வந்து சேர்ந்திருந்தார்கள். நாலு பிள்ளைகளுக்கும் வாங்கத்தான் நான் வரிசையில் நின்றேன். அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். ஆனால் எத்தனை என்று உள்ளே இருந்தவன் கேட்டபோது என் வாயிலிருந்து ரெண்டு என்றுதான் வந்தது.

என் பிள்ளைகள் ஓட்டினார்கள். சகலையின் பிள்ளைகள் கம்பிக்கு வெளியே நின்று கைதட்டினார்கள். உண்மையாகவே சந்தோஷமாகக் கைதட்டினார்கள். சகலை என் பக்கத்தில் வந்து நின்று, தம்பி நல்லா ஓட்டுறான் என்றார். அவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று நான் தேடினேன். கொஞ்சம் கறுத்திருந்தால்கூட எனக்குப் போதும். அவர் தன் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு, வா, அலைக்குளத்துக்கு இன்னொரு தடவை போவோம் என்று நடந்தார். என் மகள் காரிலிருந்து இறங்கி வந்து, ஏன் அவங்களுக்கு எடுக்கல என்று கேட்டாள். டிக்கெட் முடிந்துவிட்டது என்றேன்.

திரும்பி வரும்போது கேகாலை தாண்டி ஒரு பெற்றோல் செட்டில் டிரைவர் வேனை நிறுத்தினார். டீசல் போடவேண்டும், மீதிக் காசைக் கொடுத்தால் நல்லது என்றார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பெண்களும் பிள்ளைகளும் வேனுக்குள் அசந்து தூங்கினார்கள். நான் இறங்கிச் சட்டைப் பையைப் பார்த்தேன். மூன்று ஆயிரம் ரூபாய்த் தாளும் சில்லறையும் இருந்தன. கார்டு கடையில் இருந்தது. நாளைக்குக் கடைக்கு வாருங்கள், தருகிறேன் என்று டிரைவரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய குரல் கொஞ்சம் உயர்ந்தது. வேன் கண்ணாடிப் பக்கம் நான் திரும்பிப் பார்த்தேன்.

சகலை எப்போது இறங்கினார் என்று தெரியாது. டிரைவரை அவர் பார்க்கவேயில்லை. என் பக்கத்தில் வந்து என் உள்ளங்கையில் ஒரு கவரை வைத்து விரல்களை மூடினார்.

"பதினெட்டு இருக்கு. நீங்களே குடுங்க அண்ணே," என்றார். சொல்லிவிட்டு டயரைப் பார்ப்பதுபோல வேனைச் சுற்றி அந்தப் பக்கம் போய்விட்டார்.

நான்தான் கொடுத்தேன். டிரைவர் எண்ணி வாங்கிக்கொண்டார். என் மனைவி கண் விழித்து, நான் காசு கொடுப்பதைப் பார்த்தாள்.

அந்தக் காசை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. என்னிடம் இல்லாமல் இல்லை. அடுத்த வாரமே கையில் இருந்தது. இரண்டு தடவை எடுத்துக்கொண்டுகூடப் போனேன். கொடுத்தால் அவர் எனக்குத் தந்தார் என்பது உண்மையாகிவிடும் என்று தோன்றியது. அவரும் கேட்கவில்லை. பிறகு ஒரு பெருநாள் சாப்பாட்டின்போது மச்சினி தன் புருஷனைக் கேலி செய்தாள். எட்டு மாதம் கொப்பி எழுதினது இவர், காசைக் கொட்டினது எங்க அத்தான் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சகலையும் சிரித்தார். அவர் என்னைப் பார்ப்பார் என்று நான் பயந்தேன். பார்க்கவில்லை. நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் அவர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். அப்பாடா என்றிருந்தது. ஆனால் போனபிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் ஃபோன் வரும். என் மகளின் பரீட்சை எப்போது என்று எனக்கு முன் அவருக்குத் தெரிந்திருக்கும்.

போன மாதம் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது என் மனைவி ஃபோனை வாங்கி, தம்பி, லீவில் வந்தால் இந்தத் தடவை வேன் செலவு உங்களோடது, போன தடவை எங்க வீட்டுக்காரர்தானே கொடுத்தார் என்றாள். கட்டாயம் அக்கா, அதுக்கு இப்பவே சேர்த்துக்கிட்டு இருக்கேன் என்று அவர் சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஃபோனை வைத்ததும் நான் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.  அவள் தங்கைக்கு அழைத்து, ஃபோனை என்னிடம் நீட்டி, நீங்களே சொல்லுங்க என்றாள்.

மச்சினி முழுவதையும் கேட்டாள். "அது ஜனவரியில ஸ்கூல் தொடங்க பிள்ளைகளுக்கு சப்பாத்தும் கொப்பியும் வாங்க வச்சிருந்த காசு அத்தான்," என்றாள். "அவசரத்துக்கு இருக்கட்டும்னு கையோட எடுத்துட்டு வந்தாரு. வந்த மறுநாள் தேடுறேன், இல்ல. கேட்டா, தண்ணிக்குள்ள எங்கயோ விழுந்துருச்சின்னு சொன்னாரு. ஒரு மாசம் நான் அவரோட முகம் குடுத்துப் பேசல. பொறுப்பில்லாத மனுசன்னு அம்மாகிட்டயே சொல்லிட்டேன்."

 அப்போது மனதில் வந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாழ்நாளில் ஒரு சதம் தொலைக்காத மனிதர், அந்த நல்ல பெயரை என் பொருட்டுத் தன் வீட்டுக்குள்ளேயே கெடுத்துக்கொண்டிருக்கிறார். வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது, இப்படி ஒன்றைச் செய்ய எனக்குத் தோன்றியிருக்காதே என்ற பொறாமை.

ஃபோனைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் மகள் அறை வாசலில் நின்றிருந்தாள். இப்போது அவளுக்குப் பதினாறு வயது. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் யட்டவத்த பஸ் ஏறினேன். மச்சினி காசுக் கவரை வாங்கிக்கொண்டாள், எண்ணவில்லை. டீ போடப் போனாள். அந்த நேரம் பார்த்து அவள் ஃபோன் அடித்தது. கட்டாரில் அப்போதுதான் விடிந்திருக்கும். முந்தின இரவே அவரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள் போல, இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் தந்தாள்.

"அத ஏன் அண்ணே சொன்னீங்க?" என்றார் சகலை. குரலில் கோபம் இருந்தது. அவரிடம் நான் கேட்ட முதல் கோபம் அதுதான். "பிள்ளைங்க காதுல விழுந்திருந்தா என்ன நெனப்பாங்க உங்கள?"

"மக கேட்டுட்டா."

 அவருக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம் வந்தது. பிறகு, "என்ன சொன்னா?" என்று கேட்டார்.

வாசல்படியில் என் மகள் சகலையின் சின்னவனுக்கு எதையோ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்னும் சொல்லல தம்பி. நானும் வாறேன்னு சொல்லி என்கூட பஸ் ஏறிட்டா. பக்கத்துலதான் ஒக்காந்து வந்தா."

"அப்ப சரி அண்ணே," என்றார்.